பள்ளவெளி வருகை மண்டபம்

ஒத்திகை நாளன்று காலை நிமலன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் பள்ளவெளி விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். தீவுக் காற்று நாரந்தனையிலிருந்தே அந்தப் பட்டியால் அவருடைய முகத்தில் அறைந்துகொண்டு வந்தது. காற்றுக்கும் அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும்.

தளம் என்று சொன்னாலும், அது ஒரு தார் ரோட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் அகட்டிவிட்டது போலத்தான் இருக்கும். பறக்கப் பழகுகிற பணக்காரப் பெடியள் சிலர், படகில் ஏறினால் சேலை நனையும் என்று நயினாதீவு அம்மனை வானத்திலிருந்தே கும்பிட விரும்புகிற குடும்பங்கள் சில. இவர்களுடைய சின்ன விமானங்கள்தான் அங்கே இறங்கும். மற்ற நேரங்களில் மாடு படுத்திருக்கும். மாட்டை எழுப்பச் சீனவெடி கொளுத்துகிறவர் பாதுகாப்புப் பிரிவு. சிவப்புப் பூசிய தண்ணீர் பவுசரை ஓட்டுகிறவர் தீயணைப்புப் பிரிவு. இரண்டு பிரிவும் ஒரே ஆள்தான், அவரும் அன்றைக்கு லீவு.

இப்படிப்பட்ட தளத்துக்குத்தான் வெளிநாட்டு விமானங்கள் வரப்போகின்றன என்று கொழும்பில் யாரோ முடிவெடுத்திருந்தார்கள். அடுத்த கிழமை பரிசோதனைக் குழு வரும். அவர்கள் தலையாட்டினால் பள்ளவெளி சர்வதேசமாகும்; நிமலனின் பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘பதில்’ என்ற சொல் கழன்று, பதில் முகாமையாளர் நிரந்தர முகாமையாளர் ஆவார். தலையாட்டாவிட்டால் அவர் பழையபடி பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற கூண்டுக்குள் போய் இருக்க வேண்டும். அந்தக் கூண்டை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது. சிங்கப்பூரில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்த பிறகு தீவில் இருந்த சகலதையும், மனைவியின் சமையல் உட்பட, அவர் மூக்கைச் சுளித்துத்தான் பார்த்தார்.

வருகை மண்டபம் புதிது. தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் பூமரம், கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை. கடலைப் பார்த்தபடி வாசல் வைத்தால் வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று கட்டடக்காரர் கொழும்பில் இருந்தபடியே கீறி அனுப்பினார். கதவைத் திறந்தால் ஓடுபாதை. ஓடுபாதைக்கு அங்கால் சுடலை. சுடலைக்கு அங்கால்தான் கடல்.

இதைக் கண்டுபிடித்தபோது கூரை போட்டாயிற்று. ஆகவே வேலி ஓரமாகத் தகரம் அடித்து மறைத்து, அதில் கைகூப்பி நிற்கும் பெண் ஒருத்தியின் படத்தைக் கீறுவித்தார்கள். உப்புக்காற்று ஒரு மாதத்திலேயே அவளுடைய வாயைத் தின்றுவிட்டது. கண்ணும் கையும் மட்டும் நின்றன.

அறிவிப்பாளர் இந்துஜா, நிமலன் நீட்டிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“சேர், இதை நான் ஒலிபெருக்கியிலை சொல்லமாட்டன்.”

“ஏன், தொண்டை சரியில்லையோ?”

“வாறவையை மரபுப்படி வாய் நிறைய ‘வாங்கோ, வாங்கோ’ எண்டு கூப்பிடட்டாம். செத்தவீட்டிலையே ஆரும் வாங்கோ எண்டு சொல்லுறேல்லை. இது நேர முன்னாலை சுடலை. ஸ்பீக்கரும் அந்தப் பக்கத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது.”

“நீர் பட்டதாரியெல்லோ?”

“ஓம் சேர். பட்டதாரியளும் செத்தவீட்டுக்குப் போறனாங்கள்.”

“சிங்கப்பூரிலை இப்பிடி ஒருத்தி சொன்னா அண்டைக்கே வேலை போயிடும்.”

“சிங்கப்பூரிலை சுடலைக்கு நேர வாசல் வையாங்கள். வணக்கம் எண்டு சொல்லுறன் சேர். வணக்கத்திலை ஆரையும் கூப்பிடேல்லை.”

நிமலன் ஒரு சிரிப்புச் சிரித்தார். அது சிங்கப்பூரில் படித்த சிரிப்பு. “உங்களைப் போல ஆக்களாலைதான் இந்தத் தீவு இப்பிடிக் கிடக்குது,” என்று சொல்லி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒத்திகை உச்சிப்பொழுதில் நடந்தது, விமானங்கள் அந்த நேரத்தில்தான் வரும் என்பதால். விமானம் இல்லாத குறைக்கு ஓடுபாதையில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, அயல்சனத்தை அழைத்து அதில் இருத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு போலிக் கடவுச்சீட்டும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் என்று பேச்சு. சனம் பார்சலுக்குத்தான் வந்தது.

நிமலன் குரலைச் செருமி ஒலிவாங்கியில் வாயை வைத்தார்.

“வாங்கோ, வாங்கோ! எல்லாரும் வாங்கோ!”

கூரை மேலிருந்து அந்தக் குரல் ஓடுபாதையைத் தாண்டிப் போனது. தகரத்தைத் தாண்டிப் போனது. கடலில் பட்டு, கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ சொன்னது போலத் திரும்பி வந்தது.

சனம் கதிரைகளை விட்டெழும்பி மண்டபத்துக்குள் வந்தது. குடிவரவு அதிகாரியாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிமலனே இருந்தார். முதலில் மீன்பிடிக்கிற எமிலியானுஸ்.

“எந்த நாடு?”

“ஜேர்மனி எண்டு எழுதித் தந்தவை. எனக்குத் தமிழ் விளங்காது சேர். சாப்பாடு எப்ப தருவியள்?”

“வந்த நோக்கம்?”

“அதைத்தான் இப்ப சொன்னனான்.”

அடுத்தது செல்லாச்சி. அவளுடைய அட்டையில் கனடா என்று போட்டிருந்தது. “மூண்டுதரம் விசா கேட்டனான், தரேல்லை,” என்றாள். “போகாமலே திரும்பி வந்திட்டன். குத்தும் தம்பி முத்திரையை. அங்கை இருக்கிற மோனுக்குப் படம் எடுத்து அனுப்பவேணும்.”

சனம் சிரித்தது. நிமலனுக்கு அவர்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு சர்வதேசமாவது என்றால் யாரால்தான் முடியும்? அவர் தலையை நிமிர்த்தாமல் முத்திரை குத்திக்கொண்டே போனார்.

கடைசி ஆளும் உள்ளே வந்த பிறகு கண்ணாடிக் கதவு மூடியது.

பிறகு திறந்தது.

வாசலில் யாருமில்லை. மூடியது. மறுபடியும் திறந்தது. யாரோ ஒருவர் நுழைந்து, அவருக்குப் பின்னால் இன்னொருவர் நுழைகிற இடைவெளி விட்டு, அது திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

“காத்துக்கு,” என்றார் நிமலன்.

காற்று நின்று போயிருந்தது. திசை காட்டுகிற துணிக்குழாய் கம்பத்தில் செத்த கோழியைப் போலத் தொங்கியது. காகங்கள் கத்தவில்லை. மண்டபத்துக்குள் ஒரு மணம் பரவியது. அரைத்த சந்தனம், சாம்பிராணி, வாடிய பூ. இவற்றுக்கு அடியில், நனைந்த சாம்பல்.

எமிலியானுஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாசலால் நழுவினார். செல்லாச்சி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். பார்சல்கள் மேசையில் அப்படியே கிடந்தன. தீவுச்சனம் இலவசச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடியதை நிமலன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டார்.

சரக்.

சரக்.

தரையில் யாரோ காலை எடுத்து வைக்க முடியாமல் இழுத்து இழுத்து வருகிற சத்தம்.

நிமலன் கூண்டின் சின்ன ஓட்டையால் பார்த்தார். வெள்ளைவேட்டி நுனி தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள். இரண்டு கால்களின் பெருவிரல்களும் ஒரு வெள்ளைத் துணிக்கீலத்தால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

அவர் மேலே பார்க்கவில்லை. பார்க்க ஏலவில்லை. ஆனால் பயிற்சி என்பது பொல்லாத சாமான். வாய் தன்பாட்டில் கேட்டது.

“எங்கையிருந்து வாறியள்?”

கூண்டுக்கு வெளியே ஒருவர் குனிந்தார். தாடையையும் தலையையும் சுற்றிக் கட்டிய துணி, அதற்கு நடுவில் ஒரு கிழட்டு முகம். அந்த முகம் வாயைத் திறக்கப் பார்த்தது. கட்டு விடவில்லை. பல்லிடுக்கால் அரிசி மணிகள் நாலைந்து மேசையில் கொட்டுப்பட்டன.

“தானிய வகை கொண்டு வரேலாது,” என்றது நிமலனின் வாய். அவருடைய வாய் அந்த நேரத்தில் அவருடையதாக இருக்கவில்லை.

“இஞ்சையிருந்துதான் கொண்டு போனனான்,” என்று முகம் முணுமுணுத்தது. “நீர் வரச் சொன்னனீர். வந்தம்.”

வந்தம். கிழவருக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. கதவுக்கு அங்கால் ஓடுபாதையிலும் நின்றது. யாரும் முண்டியடிக்கவில்லை. எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழவரும் பார்த்தார். பிளாஸ்டிக் பூமரத்தைப் பார்த்தார். பொய்க்கூரையைப் பார்த்தார். கடைசியில் நிமலனின் கழுத்துப்பட்டியில் கண்ணை வைத்து, கால்முதல் தலை வரை ஒருதரம் அளந்தார். நிமலன் சனத்தைப் பார்க்கிற அதே பார்வை. ஆனால் இவர் அதில் தேறினவர்.

“இதுக்கோ கூப்பிட்டனீர்?”

பின்னால் வரிசை முழுவதும் ‘ச்சு’ என்று ஒரே நேரத்தில் நாக்கைச் சப்பியது. கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது.

அறிவிப்பு அறைக்குள்ளிருந்து இந்துஜா குசுகுசுத்தாள். “போகச் சொல்லுங்கோ சேர். கெதியா.”

கூண்டுக்குள் கொண்டு வந்து வைத்திருந்த ஒலிவாங்கி நிமலனின் கைக்கு வந்தது. புறப்படுகிற பயணிகளுக்குச் சொல்லவேண்டியது என்று சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் மனப்பாடமாக்கியிருந்த வசனம் ஒன்றுதான் நாக்கில் நின்றது. அதைச் சொன்னார்.

“எல்லாரும் சந்தோசமாப் போயிட்டு வாங்கோ.”

வரிசை திரும்பியது. சரக், சரக் என்று வெயிலுக்குள் இறங்கித் தகரத்தை நோக்கிப் போய் மறைந்தது. கதவு மூடியது.

இந்துஜா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“‘போங்கோ’ எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே சேர்,” என்றாள். அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவர்கள் வந்தார்கள். உச்சிப்பொழுதானால் கதவு திறந்தது.

நிமலன் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழு வராது. குழு வராவிட்டால் டிப்போக் கூண்டு. பேய்களோடு கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதா, பஸ்களோடு கம்பிக் கூண்டுக்குள் இருப்பதா என்று யோசித்துப் பார்த்தார். பேய்களைத் தெரிந்தெடுத்தார். கண்ணாடிக் கூண்டில் குளிரூட்டி இருந்தது.

குழு வந்து இறங்கியதும் உச்சியில்தான். தலைவர் பருத்த மனிதர், கொழும்புக்காரர். மண்டபத்துக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மிஸ்டர் நிமலன்,” என்றார் தலைவர். “இந்த நாட்டில் இப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை. தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு. ஒத்திகைக்கு எங்கிருந்து பிடித்தீர்கள் இவர்களை?”

“அயலிலை உள்ள ஆக்கள்தான் சேர்.”

“மூக்குக்கு ஏதோ மணக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். முன்னால் நிற்கிற அந்தப் பெரியவர் ஏன் என்னைப் பீயைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்?”

“அவர் எல்லாரையும் அப்பிடித்தான் சேர்.”

குழு தலையாட்டியது. ‘பதில்’ கழன்றது. நிமலன் நிரந்தரமானார்.

வெளிநாட்டு விமானங்கள் கிழமைக்கு ஒன்றாக வரத் தொடங்கின. இறங்கிய யாத்திரிகர்கள் குளிருது, குளிருது என்று சொல்லிக்கொண்டு விறுவிறென்று வெளியே போய்விடுவார்கள். வேலைக்கு எடுத்த குடிவரவு அதிகாரிகள் ஒருவருக்குப் பின் ஒருவராக மருத்துவ லீவு எடுத்தார்கள். ஆகவே உச்சிநேரத்தில் கூண்டுக்குள் முகாமையாளரே இருந்தார்.

கிழவர் தினமும் முதலாவதாக வந்தார். தினமும் எதையாவது பார்த்துக் காறினார். நிமலன் பிளாஸ்டிக் பூமரத்தை எடுத்துவிட்டு உண்மைச் செடி வைத்தார். “இதுக்கோ?” பொய்க்கூரைக்கு வர்ணம் அடித்தார். “இதுக்கோ?” சொந்தக் காசில் சுவரில் நயினாதீவுக் கோபுரத்தைக் கீறுவித்தார். வரிசை முழுவதும் நாக்கைச் சப்பியது. அவர் மெலிந்தார். சாப்பாட்டில் சாம்பல் மணக்கிறது என்று மனைவியோடு சண்டை பிடித்தார். ஆனாலும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. அந்தக் கதிரைக்காகத்தானே இவ்வளவும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கிழவர் வந்து குனிந்தபோது தாடைக் கட்டு அவிழ்ந்திருந்தது.

அவர் கூரையைப் பார்க்கவில்லை. செடியைப் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டியையும் பார்க்கவில்லை. நிமலனின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்களில் இளக்காரம் இல்லை. அதைக் கண்டபோதுதான் நிமலன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

“இவ்வளவு நாளும் நாங்கள்தானே வாறம், தம்பி,” என்றார் கிழவர், சொந்தக்காரரைப் போல. “நீரும் ஒருக்கா எங்கடை பக்கம் வாருமன்.”

நாக்கைச் சப்பிய வரிசை இப்போது சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து நடுவில் வழி விட்டது. அந்த வழி ஓடுபாதையைக் கடந்து நேரே போனது.

மரியாதையாகக் கூப்பிட்டவருக்கு யாழ்ப்பாணத்தான் ஒருவன் என்ன பதில் சொல்வான்? மறுத்துப் பழகிய வாயா அது? நிமலன் பல்லைக் கடித்தார். கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கால் அது வெளியே வந்துவிட்டது.

“ஓம்... வாறன்.”

கண்ணாடிக் கதவு திறந்தது.

அதற்குப் பிறகு அது மூடவில்லை.