வீட்டிலிருந்து போன மாசி

காலை ஒன்பதரைக்குக் கண்டக்குழியில் இனாஸின் வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. இணையச் சந்தையில் அவன் விற்ற மாசிக் கருவாட்டைச் சம்பலாக்கித் தின்ற ஏழு வயதுப் பிள்ளையொன்று, முந்தின இரவு முகம் சிவந்து மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தது.

சார்ஜன்ட் யாகப்பு கதிரையில் அமருமுன்பே இனாஸ் குற்றவாளியைச் சொல்லிவிட்டான்.

"இவதான் சார், பொதி கட்டுறவ. நல்ல மாசியக் களவெடுத்து வித்துட்டு, பழுதானதப் போட்டிருக்கா. அகதி முகாம் ஆளுகள வீட்டுக்குள்ள எடுத்தது என்ட பிழை."

ஸஃப்னா சுவரோடு நின்றாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து புலிகள் விரட்டிய முஸ்லிம்களின் மகள், பிறந்தது புத்தளத்தில்.

"முகாம் இல்ல நானா, வீடு," என்றாள். ஆண்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

இனாஸின் மனைவி ஸுஹைராவுக்குக் கேட்டது. வாங்கியவர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுபவள் அவள். 'முகாம்' என்ற சொல் நெஞ்சுக்குள் எரிந்தது. கணவன் சொன்னதை ஒரு கணம் தானும் நம்பியது அதைவிட எரிந்தது.

நம்பும்படியாகத்தான் இருந்தது. பாதிச் சரக்கு கொழும்பில், இணையச் சந்தையின் களஞ்சியத்தில் கிடக்கும். ஓடர் வந்தால் அவர்களே பொதி கட்டி அனுப்புவார்கள். மீதி வீட்டு இறாக்கைத் தட்டுகளில். அதை ஸஃப்னா கட்டிக் கூரியர்காரனிடம் கொடுப்பாள். வந்த முறைப்பாடுகள் ஐந்தும் வீட்டிலிருந்து போன பொதிகளைப் பற்றியவை. கொழும்பிலிருந்து போனதில் ஒன்றுகூட இல்லை.

"விஷயம் நேராத்தானே இருக்கு," என்று யாகப்பு எழுந்தார். "வா தங்கச்சி, ஸ்டேஷனுக்குப் போவம்."

"கொஞ்சம் பொறுங்க."

ஸுஹைரா ஃபோனில் முறைப்பாட்டுப் படங்களைப் பெரிதாக்கினாள். ஐந்து பக்கட்டுகள். ஐந்தின் பின்புறத்திலும் தூசியும் தும்பும் ஒரு நீள்சதுரத்துக்குள் மட்டும் அப்பியிருந்தன. சுற்றிலும் பொலித்தீன் துப்புரவாக இருந்தது.

"ஸஃப்னா, பக்கட்டில என்ன ஒட்டுற?"

"ஒண்டுமில்ல ராத்தா. விலாசம் பெட்டிக்கு மேலதான்."

"இந்தக் கிழம இறாக்கையில அடுக்கினது ஆரு?"

"தெரியா. நான் வரக்குள்ள அடுக்கி இருந்திச்சி."

"பொய்!" என்றான் இனாஸ்.

"உங்கள்ட்ட இன்னும் கேக்கல்ல. கொழும்பில விக்காமக் கிடந்த சரக்கு எங்க?"

"அங்கயே அழிச்சிட்டாங்க."

"கண்டீங்களா?"

"ஃபோன்ல சொன்னாங்க. நீ என்ன, பொலிஸா?"

"பொலிஸ் சும்மாதானே நிக்கிது."

யாகப்பு தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

அவள் குசினியிலிருந்து கோதுமை மாவை அள்ளி வந்தாள். இறாக்கையில் மிஞ்சியிருந்த பக்கட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே மாவைத் தூவி, ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். மா கொட்டுண்டது. நடுவில் நீள்சதுரமாக மட்டும் வெள்ளை நின்றது. எல்லாவற்றிலும்.

"பசை," என்றாள். "கொழும்புக் களஞ்சியத்தில ஒவ்வொரு பக்கட்டுக்கும் அவங்கட ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. அங்க போகாத மாசியில இந்தப் பசை வராது. பழசானத அவங்க திருப்பிக் குடுத்திட்டாங்க. அதுதான் கொழும்புப் பொதியில முறைப்பாடு இல்ல. ஸ்டிக்கர உரிச்சி, வீட்டுச் சரக்கோட அடுக்கியிருக்கு. திரும்பி வாற சாமான களஞ்சியம் ஸஃப்னாக்குக் குடுக்காது சார். கணக்கு ஆர்ர பேரில இருக்கோ, அவர்ர அடையாள அட்டையப் பாத்துத்தான் குடுக்கும்."

இனாஸ் மாவைப் பார்த்தான்.

"மாசி கெடுமா?" என்று கேட்டான். "வாப்பா வருஷக்கணக்கா வெச்சித் தின்னல்லயா? அல்லாஹ் மேல சத்தியமா, நல்லமெண்டுதான் நெனச்சன்."

அதை அவள் நம்பினாள். மாசிக்கும் காலாவதித் திகதி உண்டென்றால் இந்தக் கரையில் சிரிப்பார்கள். அவன் வாப்பா தின்றது வெயிலில் காயவைத்து, காற்றுப்படத் தொங்கவிட்ட மாசி. பொலித்தீனுக்குள் மூடி, களஞ்சியத்தின் தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் வியர்த்துக் கிடந்ததல்ல.

"நெனச்சீங்க, சரி. பிள்ள ஆஸ்பத்திரியில எண்டு ராவு தெரிஞ்சிட்டுது. விடியுமட்டும் யோசிச்சி, இவள்ர பேரயா சொன்னீங்க? ஏலாதவள் எண்டா?"

ஸஃப்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாகப்பு பேனையைத் திறந்தார். "மிஸிஸ், இத எழுதினா கேஸ் வரும், யாவாரம் நிக்கும். உங்களுக்கும் அதுதானே சோறு?"

"எழுதுங்க."

"அப்ப செஞ்ச ஆள்ட பேரச் சொல்லுங்க."

ஒன்பது வருடக் கலியாணத்தில் அவள் கணவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இஞ்ச', 'பிள்ளைட வாப்பா' என்பதோடு சரி. மரியாதை என்று பழக்கியிருந்தார்கள். இனாஸ் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாமென்று.

"இனாஸ்," என்றாள் ஸுஹைரா.

யாகப்பு எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அவன் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.