முதுநகர் வலைக்கொட்டகையின் குத்துக்கால்

"சாயங்காலம் ஊர்க்கூட்டம், மேடம். எம் புருசன் வேலைதான் சரியில்லன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா, கரையோரத்துல ஒரு ஊர்லயும் அவர உளி தொட விடமாட்டாங்க," என்றாள் மலர்க்கொடி.

கட்டட விபத்துகளை ஆராய்ந்து சொல்லும் அமராவதியைத் தேடி, சிதம்பரத்துக்கு முதல் பஸ்ஸிலேயே அவள் வந்திருந்தாள். தானே புயலுக்குப் பிறகு அவள் கணவன், தச்சு மேஸ்திரி தேவநாதன், முதுநகரில் போட்ட வலைக்கொட்டகையில் நடு உத்திரம் பாதி முறிந்து தொய்ந்திருந்தது.

உச்சிவெயிலில் அந்தக் கொட்டகையில் அமராவதியும் மலர்க்கொடியும் கீழே நிற்க, அமராவதியின் உதவியாளன் ஜெயப்பிரகாஷ் மூன்றாவது முறையாக ஏணியிலிருந்து இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தார்ப்பாய் போர்த்திய படகு இன்ஜின்மேல் கையூன்றி நின்ற கொட்டகைப் பொறுப்பாளர் சக்கரபாணி சிரித்தார்.

"என்ன தம்பி, மேல கோழி எதனா முட்ட வச்சிருக்கா? கூரை பாரம் பூரா நடுக் குத்துக்கால்ல எறங்கி உத்திரத்த ஒடச்சிடுச்சு. மேஸ்திரி மெலிசா மரம் போட்டுட்டாரு, அவ்ளோதான்."

ஜெயப்பிரகாஷுக்கும் அதுவே சரியாகப் பட்டது. படுக்கையாக உத்திரம், அதன் இரு முனைகளிலிருந்து முகட்டுக்குச் சாய்ந்தேறும் கைமரங்கள், நடுவில் நெட்டுக்குத்தாகக் குத்துக்கால். தூண் மாதிரி இருப்பது பாரம் தாங்காமல் வேறென்ன செய்யும்?

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றான் எரிச்சலுடன். "ஓடு நகரல. கைமரம் நல்லாருக்கு. குத்துக்கால் இருந்த எடத்துலயே இருக்கு."

"அதோட அடிக்கும் உத்திரத்துக்கும் நடுவுல?" என்று கேட்டாள் அமராவதி.

"இடைவெளி. என் கை நுழையுது. ரெண்டையும் சேத்திருந்த இரும்புப் பட்டை போல்ட்டு கிட்ட கிழிஞ்சிருக்கு. பக்கத்துல உத்திரத்தோட மேல்விளிம்புல சங்கிலி கடிச்ச பள்ளம்."

"இதையா ஒண்ணும் இல்லங்கறே?"

அந்த நிதானம் அவனை இன்னும் கடுப்பேற்றியது. அமராவதி மேலே பார்த்தபடி விளக்கினாள்.

"மேலேர்ந்து அழுத்தி ஒடச்சிருந்தா குத்துக்காலும் கூடவே எறங்கியிருக்கும். இடைவெளி வராது. ரெண்டு கைமரமும் முகட்டுல சாஞ்சு, குத்துக்காலோட தலைய நெருக்கிப் பிடிச்சிருக்கு. கைமரம் ரெண்டும் வெளிய விலகாம உத்திரம் இழுத்துப் பிடிக்குது. அவ்ளோ நீள மரம் தன் எடையிலயே தொய்யும். அது தொய்யாம நடுவுல தூக்கிப் பிடிக்கத்தான் இந்தக் குத்துக்கால். இது உத்திரத்து மேல நிக்கல. முகட்டுலேர்ந்து தொங்குது."

ஜெயப்பிரகாஷ் மறுபடி மேலே பார்த்தான். "அப்போ உத்திரத்தக் கீழேர்ந்து எதுவோ இழுத்திருக்கு."

"வலைக்கயிறு இப்படிக் கடிக்காது. மீன்பிடித் தடைக்காலம்னு இன்ஜின ரிப்பேருக்குக் கழட்டியிருக்கீங்க. எதுல தொங்கவிட்டீங்க, ஐயா?"

சக்கரபாணியின் கை தார்ப்பாயிலிருந்து விலகியது.

"வருசக்கணக்கா வலை தொங்கப்போட்டுப் பழகிட்டோம். நடுவுல தூண் இருக்கே, அந்த எடம்தான் கெட்டின்னு நெனச்சு இன்ஜினயும் அதுலயே சங்கிலி போட்டு மாட்டினேன்," என்றார் மெல்ல. "மலரு, இத நமக்குள்ளயே முடிச்சிக்கலாம்மா. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கறேன்."

"ஊரு பூரா அவர் பேர நாறடிச்சிட்டு, நமக்குள்ளயா மாமா? கூட்டத்த இங்கயே வைக்கச் சொல்றேன். ஏணி இருக்கு. ஒவ்வொருத்தரா ஏறி அந்த இடைவெளில கைய விட்டுப் பாக்கட்டும்."

சக்கரபாணி ஏணியைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம். கூட்டத்துல நானே சொல்லிடறேன்."