அணைக்காமல் மாற்ற வேண்டிய பேட்டரி

புதிதாகப் போட்ட பேட்டரி ஒரு வாரத்தில் சாகாது. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய பொருள் அது. ஆனாலும் காலையில் ஆபரேட்டர் தியேட்டரின் புரொஜெக்டர் அறையைத் திறந்து விளக்கைப் போட்டபோது, படங்களைச் சேமித்து ஓட்டும் சர்வரின் சின்னத் திரையில் 'பேட்டரி பலவீனம்' என்ற சிவப்பு வரி மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. போன வாரமும் இதே வரிதான். கம்பெனிக்காரனை வரவழைத்து, திட்டியபடியே அன்றைக்குப் புதிது போடவைத்திருந்தான்.

ஏசி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சூடேறிய தூசியின் வாசனையும் பழைய கம்பள வாசனையும் அறையில் தேங்கிக் கிடந்தன. சர்வரின் விசிறிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பிறகு மெல்ல விடுவதுபோல, ஒரு சின்ன இடைவெளி அவ்வப்போது விழுந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றி, நாணயம் போன்ற அந்தப் பேட்டரியை நகத்தால் நெம்பப் போனான். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது, மேலே வியர்வை போல ஈரம்.

இந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். சர்வரை அணைக்காமல் பேட்டரியை மாற்ற வேண்டும். படங்களைத் திறக்கும் பூட்டுச்சாவிகளெல்லாம் அதன் நினைவில் இருக்கின்றன. மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றால், திருடன் வந்துவிட்டான் என்று எண்ணி அது எல்லாவற்றையும் அழித்துவிடும். தான் யார் என்பதைக்கூட மறந்துவிடும். அப்புறம் அது வெறும் தகரப்பெட்டி.

அவனுக்கு ஷாக் அடிக்கும் என்று பயம். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு கரண்டுக்குப் பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வது? தங்கையின் கணவன், அதாவது அவனுடைய மச்சான், கூடவே வேலை பார்த்தவன், அதைச் சொல்லியே கிண்டலடிப்பான். பேட்டரி மாற்றுவது எப்போதும் மச்சான்தான். ஒரு பெரிய படத்தின் முதல் நாள், மச்சான் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், நாமே செய்தால் என்ன என்று இவனுக்கு ஒரு ரோஷம் வந்தது. ரோஷம் மூடியைத் திறக்கும்வரை இருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினான்.

காட்சி ரத்து. கீழே கூச்சல், கண்ணாடி உடையும் சத்தம். முதலாளி மேலே ஏறி வந்து, "யாருடா இதைத் திறந்தது?" என்றார். அதே நேரம் டீயோடு மச்சான் உள்ளே வந்தான். இவன் வாயே திறக்கவில்லை. மச்சானை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். மச்சான் இவனைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், "நான்தான் சார்" என்றான்.

மச்சானுக்கு வேலை போனது. பார்சல் வண்டி ஓட்டப் போனான். மழைநாளில் லாரி அடித்துப் போட்டது. முதலாளி இரக்கப்பட்டுத் தங்கைக்கு டிக்கெட் கவுண்டரில் வேலை கொடுத்தார்.

தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மறுபடியும் பேட்டரியா அண்ணா?"

"ம்."

அவள் சர்வரைப் பார்த்தபடி நின்றாள். "சாகற அன்னிக்குக் காலையில கூட அவரைத் திட்டினேன். கவனமில்லாத மனுஷன், ஒரு பேட்டரிய ஒழுங்கா மாத்தத் தெரியலன்னு. சிரிச்சிட்டே ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போனாரு."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இவளும் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள்? "போனதைப் பேசி என்னம்மா ஆகப்போகுது" என்றான்.

"நீ சொல்றதும் சரிதான். நான் ஹாலுக்குப் போயி சீட்டெல்லாம் பாத்துட்டு வரேன்." அவள் இறங்கிப் போனாள்.

தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த முறை அணைக்காமலே, பழைய பேட்டரியைக் கழற்றினான். புதியதைப் போட்டான். சிவப்பு வரி போகவில்லை. அதையும் கழற்றினான். வரி அணைந்துவிட்டது. 'பேட்டரி நன்று' என்று பச்சையில் வந்தது. பேட்டரி இருக்கும் குழி காலியாக இருந்தது.

கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அணைத்தான். விசிறிகள் நிற்கவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை. பின்னால் புரொஜெக்டர் விளக்கு மெல்ல எரிந்து, கண்ணாடி ஜன்னல் வழியே வெளிச்சம் அரங்குக்குள் பாய்ந்தது.

இன்டர்காம் அடித்தது. ரிசீவரை எடுத்தான்.

"அண்ணா, என்ன படம் போட்ட?" தங்கையின் குரல் தயங்கியது. "இது நம்ம ரூம்தானே? நீதானே அது?"

ரிசீவரோடு கண்ணாடி ஜன்னலுக்கு ஓடினான்.

திரை முழுக்க இதே அறை. அவன் முதுகு. சுவிட்சில் அவன் கை. அணைக்கிறான். மூடி திறந்து கிடக்கிறது. பேட்டரி வெளியே வருகிறது. முதலாளி. டீ டம்ளர்கள். பிறகு அவனுடைய கண்கள், திரை அகலத்துக்கு, பக்கவாட்டில் திரும்புகின்றன.

"நான்தான் சார்."

சத்தம் ஸ்பீக்கரில் வரவில்லை. இன்டர்காமில் வந்தது. தங்கைக்குப் பக்கத்திலிருந்து.

அரங்கில் எல்லா நாற்காலிகளும் மடங்கி இருந்தன. சுவர் இன்டர்காமை ஒட்டித் தங்கை உட்கார்ந்திருந்த நாற்காலி விரிந்திருந்தது. அவளுக்கு அடுத்ததும் விரிந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

"பாப்பா," என்றான். "பாப்பா, நான் சொல்லணும்னுதான்..."

அவள் திரும்பி மேலே பார்த்தாள். அழவில்லை. பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, காலி நாற்காலியின் பக்கம் தலையைச் சாய்த்து, வீட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"அண்ணன் எங்கிட்ட சொல்ல வேண்டாம். நீங்களே மேல போயிக் கேளுங்க."

அடுத்த நாற்காலி பட்டென்று மடங்கியது.

திரை ஒருகணம் இருண்டது. மறுபடி வெளிச்சம். இப்போது அதில், கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் ஒருவனின் முதுகு. இதே சட்டை. காதில் ரிசீவர். படம் நகரத் தொடங்கியது. கதவிலிருந்து. சர்வரைத் தாண்டி. அவசரமில்லாமல்.

திரும்ப முடியவில்லை. சட்டைக் காலர். கழுத்து. ஒவ்வொரு முடியும். திரை நிறைய அவன் பிடரி, இன்னும் கிட்டே வந்துகொண்டிருந்தது.