இன்னும் அறுபது கிலோ!

"ஐயோ... செத்தேன்!"

அலறல் காங்கோவின் இட்டூரிக் காட்டைக் கிழித்தது.

சுரங்கக்காரர்கள் கைவிட்டுப் போன ஓடுபாதை. பாதியைக் காடு தின்றிருந்தது. மீதியில் முழங்கால் புல். அதில் விமானத்தை இறக்கிவிட்டு ஓடி வந்தாள் பைலட் கன்யேரே. பின்னால் மெக்கானிக் கம்பாலே.

"வலி எப்போக்கா ஆரம்பிச்சது?"

"வலியா? எனக்கா?"

நிறைமாத வயிற்றோடு புல்லில் கிடந்த கட்டுங்கு சிரித்தாள். துணியை உருவினாள். வயிறு கழன்று விழுந்தது.

உள்ளே... தங்கம்!

டுமீல்!

கம்பாலே புல்லில் சாய்ந்தான்.

"பிரசவம்னு கூப்பிட்டா ஓடி வந்துடறீங்களே... நல்ல மனசு!" கட்டுங்குவின் புருஷன் கசெரெக்கா துப்பாக்கியோடு வந்தான். பின்னால் தங்க மூட்டையோடு அவள் தம்பி முஹிந்தோ. "சுரங்கத்துத் தங்கம். பின்னாடியே பட்டாளம் வருது. எல்லை தாண்டி எங்களை இறக்கிடு. உன்னை விட்டுடறேன்."

பொய். இறங்கியதும் அடுத்த குண்டு தனக்குத்தான். கன்யேரேவுக்குத் தெரியும்.

விமானத்திலிருந்து தராசை எடுத்துப் புல்லில் வைத்தாள்.

"மூட்டையோட ஏறி நில்லுங்க."

"சாகப் போற நேரத்துல எடையா?" முஹிந்தோ எரிந்து விழுந்தான்.

"காட்டு ஓடுபாதைல நிறுக்காம யாரு ஏத்துவா? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஏறினார்கள்.

கன்யேரே எதிரே நின்ற மரங்களைப் பார்த்தாள்.

"எழுபது கிலோ அதிகம். மோதினா எல்லாரும் சட்னி!"

"தங்கத்தைக் கொஞ்சம் இறக்கிடலாம் அத்தான்..." என்றான் முஹிந்தோ.

"தங்கத்தையா?" கசெரெக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீ எத்தனை கிலோ மச்சான்?"

"எழுப..."

டுமீல்!

"பாவி! என் தம்பிடா அவன்!"

இந்த முறை கட்டுங்குவின் அலறல் நிஜம்.

கன்யேரே குனிந்து புல்லைத் தொட்டாள்.

"ஈரம். சக்கரத்தை இழுக்கும். இன்னும் அறுபது."

கட்டுங்கு பின்னால் நகர்ந்தாள்.

"என்னங்க... மூட்டையைத் தூக்கிப் போடுங்க... என்னைப் பாருங்க..."

"இருபது வருஷமா உன்னைத்தானே பார்க்கறேன்!"

டுமீல்!

தங்கம் ஏறியது. பெண்டாட்டி புல்லில் கிடந்தாள். ஆம்பளைக் கணக்கு!

இன்ஜின் உறுமியது. சக்கரம் சேற்றில் சிக்கிக்கொண்டது.

"வால்ல கை குடுங்க! நகர்ந்ததும் ஓடி வந்து ஏறிக்கோங்க!"

ஏறுகிறவன் தள்ளுவது இந்தப் பக்கத்து வழக்கம். மந்திரியே வந்தாலும் தள்ளுவார். கசெரெக்கா துப்பாக்கியை இடுப்பில் செருகினான். தோள் கொடுத்தான்.

விமானம் நகர்ந்தது... ஓடியது... நிற்கவில்லை!

"ஏய்... நிறுத்துடி!"

துப்பாக்கியை நீட்டினான். சுட்டால் ஓட்ட ஆளில்லை. விட்டால் விமானமே இல்லை. தூரத்தில் பட்டாளத்து லாரிச் சத்தம்!

துப்பாக்கியை வீசினான். ஓடினான். இறக்கையைத் தாங்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கால் தரையை விட்டது.

மரங்கள் கீழே போயின. ஒரு இலைகூட உரசவில்லை!

"எ... எடை அதிகம்னியேடி!"

கன்யேரே ஜன்னலைத் திறந்தாள்.

"சீட்டைக் கழட்டின வண்டிடா. பத்துப் பேரைத் தூக்கும்!"

அவன் விரல் வழுக்கியது.

"அப்போ என்னை உள்ளே இழு தாயே... தங்கம் பூரா உனக்கே!"

"அது ஏற்கெனவே உள்ளதான் இருக்கு."

இறக்கையைச் சாய்த்தாள்.

"பயப்படாதே... கீழே போறவங்களுக்கு நாங்க எடை பார்க்கறதில்ல!"