கழுநீர் வாளி

எத்தனையோ மாப்பிள்ளைகளை முதுகில் ஏற்றிக் கலியாண மண்டப வாசல் வரை கொண்டுபோய் விட்ட குதிரை அது. அதன் சொந்தக்காரன் நிருஷனுக்கோ, ஒரு வீட்டுப் படலையைத் தட்டித் தண்ணீர் கேட்கவே நா எழவில்லை...

முள்ளியவளையில் ஒரு கலியாணம் முடிந்து திரும்புகிற வழி. ஆடி வெயில் றோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. கலியாண வீட்டில் வைத்த தண்ணீரை ராஜா என்ற அந்தக் குதிரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியிருந்தது. இப்போது கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிய அடையாளம். நிருஷன் லொறிக்காரனை நிறுத்தச் சொல்லி, கண்ட முதல் நிழலில் குதிரையை இறக்கிக் கட்டினான். ராஜா சோர்வோடு வேலிச் செவ்வரத்தையில் ஒரு பூவைக் கடித்தது.

“அது சாமிக்கு வைக்கிற பூ.”

நிமிர்ந்தான். வேலிக்கு உள்ளே ஒரு பெண். மழையையே மறந்துபோன ஊரில் இந்தக் கண்களில் மட்டும் எப்படி இவ்வளவு ஈரம்... என்று உருகினான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அவள் தர்மிளா, அந்த வீட்டு மூக்கனின் மகள். கிணற்றுத் தண்ணீரை அள்ளி வைத்தாள். ராஜா தொடவில்லை. வீட்டார் குடிக்க வாங்கி வைத்த வடிகட்டிய தண்ணீரையும் ஊற்றினாள். அதுவும் வேண்டாமாம். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். நுவரெலியா என்றான்.

“எங்கட அப்பாவும் மலைநாட்டு ஆள்தான். இந்தச் சுண்ணாம்புக் கல்லுத்தண்ணி அவருக்கும் லேசில இறங்கேல்லையாம்.”

மாட்டுக்கு வைத்திருந்த, அரிசி கழுவிய கழுநீரைத் தண்ணீரில் கலந்து, சிட்டிகை உப்பும் போட்டுத் தூக்கி வந்தாள். நிருஷனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இது கலியாணக் குதிரை, மாட்டு வாளியில் வாய் வைக்காது என்றான்.

“அப்ப மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லுங்கோ.”

அதற்குள் ராஜா இருவருக்கும் நடுவே தலையை நுழைத்து, வாளியின் அடி தெரியும்வரை உறிஞ்சியது. நிருஷன் கண்ணைத் துடைக்கக் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்தான். அவன் உரித்தது வெங்காயமில்லை...

அன்றிலிருந்து, மேற்கே துணுக்காய்க்குப் போவதற்கும் கிழக்கே முள்ளியவளைதான் கிட்டவழி என்றான். லொறிக்காரன் வழி தெரிந்தவன். ஆனாலும் அவன் சொன்ன வழியிலேயே ஓட்டினான்.

ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், ராஜா அவள் வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. தர்மிளாவின் முகம் வாடிவிட்டது.

“என்ன, சுகமில்லையோ?”

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கண்களுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

“இல்லை... வரேக்கையே குடிச்சிட்டுது. நீங்கள் காட்டின மாதிரிக் கழுநீர் கலந்தா, இப்ப எங்கயும் குடிக்கும்.”

“அப்ப ஏன் இங்க வாறீங்கள்?”

“அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி எனக்கு இவன் இல்லை. நன்றி சொல்லத்தான் வாறனான்... உங்களைப் பாத்தா அது பத்தாது போலக் கிடக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, தர்மிளா.”

அவள் வெறுமையாகக் கிடந்த மாட்டுக்கொட்டிலைப் பார்த்தாள்.

“எங்கட மாட்டை அப்பா ஆவணியிலயே வித்திட்டார்.”

“அப்ப... இந்தக் கழுநீர்?”

“ஆருக்கெண்டு நினைச்சனீங்கள்?”

முதல் துளி விழுந்தது. ராஜா மரியாதையாகச் செவ்வரத்தைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பூவைக் கடித்தது. அவள் தடுக்கவில்லை.