நெளியும் வளையங்கள்

மலேசியாவின் பாடாங் செராய் தமிழ்ப்பள்ளியில் தீபாவளிக் கோலப் போட்டி. சாயம் போட்ட அரிசியில்தான் கோலம். ஐந்தாம் ஆண்டு வகுப்புக் குழுவுக்கு ரூபினி தலைவி. கேட்கவா வேண்டும்! பள்ளி முடிந்ததும் மண்டபத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு ஒரே அதிகாரம்தான்.

அவள் வரைந்த கோலம் புதுசு. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று நெருக்கமாக மெல்லிய வளையங்கள். உற்றுப் பார்த்தால் சுழல்வதுபோல் இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள்.

நடுவில் குந்தி அரிசி போட்டவள் தேவகி, ரூபினியின் உயிர்த்தோழி. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலை வலிக்கிறது, கோடெல்லாம் நெளிகிறது என்றாள். கையிலிருந்த கறுப்பரிசி வெள்ளை வளையத்தில் கொட்டிவிட்டது.

ரூபினிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"சும்மா நடிக்காத லா. வேலை செய்ய முடியலன்னா வீட்டுக்குப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். தேவகி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. ரூபினியே இறங்கிவந்து குந்தினாள். மூக்குக்கு நேரே வளையங்கள். இரண்டு பிடி அரிசி போடுவதற்குள் எல்லாம் நெளிய ஆரம்பித்தன. தலை சுற்றியது. நாற்காலி மேலிருந்து பார்த்தபோது இப்படி இல்லையே!

குணசுந்தரி டீச்சரிடம் ஓடிப்போய்க் கேட்டாள். கண் பார்த்தாலும், பார்த்ததைப் புரிந்துகொள்வது மூளைதானாம். நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் கண்டால் அதற்கு வேலை கூடிவிடுமாம். சிலருக்கு அது தாங்காமல் தலைவலியே வந்துவிடுமாம்.

ரூபினிக்கு அழுகை முட்டியது. ஏன்தான் அப்படிப் பேசினோமோ என்றிருந்தது. வளையங்களை அவளே கூட்டி அள்ளினாள். மிச்சமிருந்த பச்சையிலும் மஞ்சளிலும் குழுவினர் அகலமான இதழ்கள் போட்டார்கள். முடிந்ததும் ரூபினி தேவகியின் வீட்டுக்குப் போனாள்.

தேவகி கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தாள்.

"நான் நடிக்கல, ரூபினி."

"தெரியும். உன் இடத்துல உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் தலை சுத்துச்சு. எல்லார் முன்னாலயும் உன்னை அப்படிச் சொன்னது தப்பு."

தேவகி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பரிசு ஆறாம் ஆண்டுக்குப் போனது. ரூபினிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தேவகி நடிக்கவில்லை, தப்பு தன்மேல்தான் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தேவகி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

ஓய்வு நேரத்தில் தேவகி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரூபினி தட்டோடு பக்கத்தில் போய்த் தயங்கி நின்றாள். தேவகி அவளைப் பார்க்கவே இல்லை. ஆனால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.