குறைந்துபோன மாத்திரைகள்

காலையில் மாத்திரைக் கவரைப் பிரித்த நல்லம்மாளுக்குப் பகீரென்றது. கணவன் ராதாகிருஷ்ணனின் ரத்தக் கொதிப்புக்காக அரசாங்க கிளினிக்கில் கொடுத்தது. தினம் இரண்டு வீதம் இன்னும் எட்டு நாளைக்கு வரவேண்டும். நான்கே மாத்திரைகள்தான் மிச்சம். பன்னிரண்டைக் காணோம். இதைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எண்ணத் தெரியாதவ கையில மருந்தக் குடுத்தா இப்படித்தான். பந்திங் ரப்பர் தோட்டத்துல இவளுக்கு யாரு கணக்கு சொல்லிக் குடுத்தா?" என்றாள் நாத்தனார் சீதாலெட்சுமி.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பதினோரு வருடமாக நல்லம்மாள் கேட்டுவரும் பேச்சுதான். கல்யாணமே செய்துகொள்ளாமல், டீச்சர் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்கவைத்தவள் சீதாலெட்சுமி. அந்த நன்றிக்காக ராதாகிருஷ்ணன் எதற்கும் வாய் திறப்பதில்லை. அன்றும் பேப்பரை மடித்துவிட்டு, குப்பையில் கொட்டினாயா என்று மனைவியை மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

நல்லம்மாள் கிளினிக்குக்குப் போய், கவுண்டரில் திட்டு வாங்கி, மாத்திரை வாங்கி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது சீதாலெட்சுமி கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. எப்போதும் கேட்கிற பம்ப் மருந்து இன்று கேட்கவில்லை. இன்னொரு பம்ப் தேடி அவள் கைப்பையைத் திறந்த நல்லம்மாளின் விரலில் பட்டவை, ராதாகிருஷ்ணனின் மாத்திரைகள். இரண்டு.

போன மாதம் கோயில் மண்டபத்தில் இலவசமாகப் பிரஷர் பார்த்தார்கள். சீதாலெட்சுமிக்கு அதிகம், கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றார்கள். கூலிக்காரர்களோடு பெஞ்சில் உட்காரமாட்டேன் என்று மறுத்தவள், தம்பியின் மாத்திரையை எடுத்து விழுங்கியிருக்கிறாள் என்பது இப்போது நல்லம்மாளுக்கு விளங்கியது. மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டாக்சி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் நீட்டியது அந்த மாத்திரைகளைத்தான். டாக்டர் பார்த்ததும் சிகிச்சையை மாற்றினார். ஒருவருக்குக் கொதிப்பைக் குறைக்கும் இந்த மருந்து, இழுப்பு உள்ளவருக்கு மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். பம்ப்கூட வேலை செய்யாது என்றார். பிறகு குரலை உயர்த்தினார். அடுத்தவர் மருந்தை இவருக்குக் கொடுத்தது யார்?

பக்கத்தில் நின்ற நர்ஸ் சீதாலெட்சுமியின் பழைய மாணவி. டீச்சர், டீச்சர் என்று கண்கலங்கிக்கொண்டிருந்தாள். இவள் முன்னால் அண்ணி தலைகுனிய வேண்டுமா என்று நல்லம்மாள் யோசித்தாள்.

"நான்தான் குடுத்தேன், டாக்டர்."

வார்டே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் ஓடிவந்த ராதாகிருஷ்ணன் அவளிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. படிக்காத ஜென்மம், அக்காவைக் கொல்லப் பார்த்தாள் என்று டாக்டரிடமே சொன்னான்.

மறுநாள் மாலை சீதாலெட்சுமிக்கு மூச்சு சீரானது. டாக்டர் கட்டிலருகே வந்து, இனி மருந்தை உங்கள் தம்பி மனைவியின் கையில் விடாதீர்கள் என்றார். அவள் முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றினாள்.

"அவ பொய் சொல்லியிருக்கா, டாக்டர். நான்தான் திருடித் தின்னேன்…" நர்ஸின் முகம் வாடியதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. தம்பியின் பக்கம் திரும்பினாள். "வீட்ல மூணு பேரு. மாத்திரை காணோம்னதும் இவ ஒருத்திய மட்டும்தானடா கேட்ட? என்னையப் பாத்து அந்தப் புத்திய கத்துக்கிட்டியா?"

அவள் நல்லம்மாளின் கையை இழுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பதினோரு வருடத்தில் அவள் அழுது நல்லம்மாள் பார்த்ததில்லை. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டபோது நல்லம்மாளுக்கும் கண் நிறைந்தது.

ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான். நேரமாகிறது, வீட்டுக்குப் போகலாம் வா என்றான்.

நல்லம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படக்கூட இந்த ஆளிடம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"நீங்க போங்க. அண்ணி நல்லாகிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். உங்க மாத்திரைய இனிமே நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எண்ணத் தெரியும்ல?"

அவன் பதில் தேடி அக்காவின் முகத்தைப் பார்த்தான். சீதாலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.